அஞ்சும் பையனின் நாவலில் என்ன நடக்கிறது?

பதினாறு, பதினேழு வயதுப் பையனை நடுவில் நிறுத்தி எழுதப்படும் நாவலில் அவன் முரடனாகவோ, காதலில் விழுந்தவனாகவோ, வீட்டைவிட்டு ஓடிப்போனவனாகவோ இருந்தால் வாசகர் அவனோடு எளிதில் சேர்ந்துகொள்கிறார். அவன் எதற்கெடுத்தாலும் உள்ளுக்குள் நடுங்குகிறவனாக, வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துப்போகிறவனாக இருந்துவிட்டால், ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் ‘கதை நகரவே மாட்டேன் என்கிறதே’ என்ற குறை எழுந்துவிடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் படிக்கிற நண்பர்கள் கூடும்போது இந்தக் குறையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்பதில்லை. பதற்றம் பிடித்த பையனின் நாவலிலும் கதை நகரத்தான் செய்கிறது. மற்ற நாவல்களை நாயகன் செய்யும் காரியங்கள் முன்னே தள்ளுகின்றன என்றால், இந்த நாவலை அவன் செய்யாமல் நழுவும் காரியங்கள் தள்ளுகின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இவ்வகை நாவல் எப்படி அமைகிறது, எங்கே சறுக்குகிறது, நம் வட்டாரத்தில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் விளங்கும்.

கடலூர்ச் செம்மண்டலத்தில் குடியிருக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். மறுநாள் முதல் பாடவேளையில் இயற்பியல் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்பது அவனுக்குத் தெரியும். இரவு பதினொன்று வரை படித்திருக்கிறான், விடையெல்லாம் தெரியும். காலையில் பல் துலக்கும்போது உள்ளங்கை சில்லிடுகிறது, வாயில் நீர் ஊறிக் குமட்டுகிறது. இட்லியைப் பிட்டு வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “என்னாடா, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?” என்கிறாள் அம்மா. “வயிறு வலிக்குதும்மா” என்கிறான். அவன் சொல்வது பொய்யன்று. வயிறு மெய்யாகவே முறுக்குகிறது. ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொடுத்து, “சரி, இன்னிக்கு ஒருநாள் வூட்டுல இரு” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். முதல் பாடவேளை முடிந்திருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் வலி இறங்கத் தொடங்குகிறது. பதினொரு மணிக்கு நல்ல பசி. ஆறிப்போன இட்லி நான்கையும் தின்றுவிட்டுத் தூங்குகிறான். மாலையில் நண்பன் கைப்பேசியில் அழைத்து, “சார் ஒன்னக் கேட்டாருடா, நாளைக்கு மொத ஆளே நீதானாம்” என்கிறான். இரவு மீண்டும் வயிறு முறுக்குகிறது, நேற்றைவிட அதிகமாக.

இந்த ஒரு நாளுக்குள் இவ்வகை நாவலின் பொறி முழுவதும் அடங்கியிருக்கிறது. அஞ்சியதிலிருந்து விலகியதும் கிடைக்கும் ஆறுதல் உடனடியானது. அந்த ஆறுதலே அடுத்த முறையும் விலகிவிடும்படி மனத்துக்குக் கற்பிக்கிறது. கூடவே, எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் பறிபோகிறது. நாக்குக் குழறியிருக்கலாம், இரண்டு பேர் சிரித்திருக்கலாம், ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போயிருக்கலாம். நடக்கக்கூடியது அவ்வளவுதான் என்பதை அவன் அறியாமலே போகிறான். பதற்றக் கோளாறுகளைத் தணியவிடாமல் காத்து வளர்ப்பது இந்தத் தவிர்ப்பே என்று மனநல மருத்துவம் சொல்கிறது. அஞ்சியதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவது அதற்கான சிகிச்சையில் முதன்மையான பகுதி.

மருத்துவருக்கு நோயின் சுழற்சியாகத் தெரிவது நாவலாசிரியருக்குக் கதைப்போக்காகக் கிடைக்கிறது. முதலில் வாய்மொழித் தேர்வு. அடுத்தது பள்ளி ஆண்டுவிழா. பிறகு, மூத்த மாணவர்கள் நிற்கும் தேநீர்க் கடை முனை. அதைத் தவிர்க்கச் சைக்கிளைச் சுற்றுவழியில் விடுகிறான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிறு காலை கிரிக்கெட் நிற்கிறது. அத்தை மகன் வந்து அழைத்தாலும் சில்வர் பீச்சுக்குப் போவதில்லை. கடைசியில், பேருந்து நிலையம் இருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்குக் கெடிலத்துப் பாலத்தைக் கடந்து போவதே பெரும்பாடாகிவிடுகிறது. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தேவனாம்பட்டினம், முதுநகர் என்று தனித்தனிக் குடியிருப்புகள் சேர்ந்து ஒரு நகரமான கடலூர் இந்தச் சுருக்கத்தைக் காட்டுவதற்கு மிகவும் தோதான ஊர். அதிகாரத்துக்கு அதிகாரம் ஓர் இடம் அவன் கையைவிட்டுப் போகிறது. இதைக் கவனிக்கும் வாசகருக்குக் கதை நகரவில்லை என்ற எண்ணமே வராது. அடுத்து எந்தத் தெரு போகப்போகிறது என்ற கவலைதான் வரும்.

வளரும் பையனை நடுவில் நிறுத்தும் நாவல் வடிவம் பிறந்தபோது அஞ்சும் பையனுக்கு அதில் இடமில்லை. ஐரோப்பாவில் இதற்கு மூல முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஜெர்மானியக் கவிஞர் கதே 1795–96இல் வெளியிட்ட, வில்ஹெல்ம் மைஸ்டர் என்ற வணிகர் மகனின் கதை. அவன் நாடகக் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகிறான், பலரைச் சந்திக்கிறான், தவறுகிறான், தேறுகிறான். கையில் கொஞ்சம் பணமும் சுற்றித் திரிய உரிமையும் உள்ள இளைஞனுக்கு ஏற்ற வடிவம் அது. நம் ஊர்ப் பையன்களுக்கு அப்படி ஒரு பருவம் நெடுங்காலம் வாய்க்கவே இல்லை. 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டார். விழுப்புரத்தில் மாமாவிடம் போய்ச் சேர்ந்து, பின்பு சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்தார். அந்தத் தலைமுறையில் ஏழை வீட்டுப் பையனுக்குக் குழந்தைப் பருவம் முடிந்த மறுநாளே வேலை தொடங்கிவிடும். வேலை செய்கிறவனுக்கும் அச்சம் உண்டு. ஆனால் வயிறு வலிக்கிறது என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் வசதி அவனுக்கு இல்லை.

இந்த நிலையை மாற்றியதில் கல்வி அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய முறையில் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவன் புகுமுக வகுப்புக்காகக் கல்லூரி வாசலை மிதித்துவிடுவான். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அதே வயதுப் பையன் இன்னும் இரண்டாண்டுகள் பள்ளிச் சீருடையிலேயே, அதே ஆசிரியர்களின் கண்ணெதிரே, ஒரே ஒரு பொதுத்தேர்வை நோக்கி உட்காரவைக்கப்பட்டான். மீசை அரும்பிய பிறகும் பிரேயர் வரிசையில் நிற்கும் பிளஸ் டூ மாணவன் என்ற மனிதன் தமிழ்நாட்டில் அப்போதுதான் பிறந்தான். இலக்கிய வரலாற்றில் இந்த ஆண்டுக்கு உரிய கவனம் தரப்படவில்லை என்றே நினைக்கிறேன். தமிழ் நாவலில் பதற்றம் பிடித்த விடலைப் பையன் நாயகனாவதற்கு வேண்டிய மூடிய அறை, நீண்ட காத்திருப்பு, எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மூன்றும் அந்த இரண்டாண்டுகளில் ஒருசேர அமைந்தன. 2017இல் நீட் தமிழ்நாட்டிலும் கட்டாயமானபோது, மருத்துவக் கனவுள்ள வீடுகளில் அந்தக் காத்திருப்பு இன்னும் ஓர் ஆண்டு, சில வீடுகளில் இரண்டாண்டு, நீண்டது.

தமிழில் ஏற்கெனவே அஞ்சிய பையன்கள் நாவலில் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்கு வெளியே ஒரு காரணம் நின்றது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலில் சந்திரசேகரன் என்ற மாணவன் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் செகந்திராபாத் தெருக்களில் நடக்கிறான். அவனைச் சுற்றி ஒரு சமஸ்தானமே உடைந்துகொண்டிருக்கிறது. 1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’யில் பதினைந்து வயதுச் சிதம்பரம் கொலை செய்துவிட்டுத் தந்தையோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். அந்தப் பையன்கள் அஞ்சுவது ஏன் என்று எந்த வாசகரும் கேட்கமாட்டார். செம்மண்டலத்துப் பையனின் இடர்ப்பாடு வேறு: வெளியே ஒன்றுமே இல்லாதபோது அவன் நடுங்குகிறான். ஆகவே அவனுடைய நாவல் முதல் பக்கத்திலிருந்தே தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கான கருவி தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. நான்காவதோடு ஆசிரியரையும் தந்தையையும் சேர்த்துக்கொண்டால் இன்றைய பையனின் அச்சங்களில் பாதி அதற்குள் வந்துவிடும். மறுபாதி இந்த நான்கிலும் அடங்காது. ஆனால் உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தென்பட வேண்டும், காண்பவர் அதை உடம்பிலிருந்தே படித்தறிய வேண்டும் என்று அந்த இயல் வகுத்த அடிப்படை இந்த நாவலுக்கு அப்படியே பொருந்துகிறது. ‘அவனுக்குப் பதற்றமாக இருந்தது’ என்று நூறு முறை எழுதினாலும் வாசகருக்கு ஒன்றும் ஆகாது. பேனாவின் மூடியைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கியிருப்பது, வருகைப்பதிவில் தன் எண்ணுக்கு நான்கு எண் முன்பிருந்தே ‘உள்ளேன் ஐயா’ என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்ட பிறகே எந்த வீட்டிலும் உட்காருவது ஆகியவற்றை எழுதினால், அந்த வயதைக் கடந்துவந்த எவருக்கும் உடனே புரியும்.

வீட்டார் அந்த உடம்பை எப்படிப் படிக்கிறார்கள் என்பது நாவலின் அடுத்த அடுக்கு. நம் வீடுகளில் மன நோவு பெரும்பாலும் வயிற்றுவலி, தலைவலி, மயக்கம் என்றே வெளிப்படும். அதற்கேற்ப மருந்துக்கடை மாத்திரை, பிறகு ஸ்கேன், எதிலும் ஒன்றுமில்லை என்றானதும் “புள்ள எதையோ பாத்து பயந்திருக்கு” என்று கோயிலிலோ தர்காவிலோ மந்திரித்துக் கட்டும் கயிறு. இதை மூடத்தனமாக மட்டும் காட்டிவிட்டுப் போகும் எழுத்து எனக்கு உவப்பானதன்று. மந்திரிக்கப் போகும் அந்த மாலை, அப்பா வேலையை விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போகும் அரிய மாலையாக இருக்கக்கூடும். பையன் நாலு நாள் நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் இருந்த மருள்நீக்கியார் சூலை நோயால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். யாராலும் தீர்க்க முடியவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தம்பி வேறு சமயத்துக்குப் போனதற்காக அந்த அக்கா அவரைத் துரத்தவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசராகி, தம்மேல் யானை ஏவப்பட்டபோது ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை’ என்று பாடினார். பெரியவர்கள் அஞ்சும் பையனிடம் அந்தக் கடைசி வரியை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். கதையிலோ வலி முதலில் வருகிறது, அடுத்து உடன்வரும் அக்கா, அதற்கும் வெகுநாள் பின்புதான் அந்தப் பாட்டு. வளரிளம் பையனின் நாவலை எழுதுகிறவருக்குத் திலகவதியாரைப் போல ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டும். அறிவுரை சொல்லாமல், கூடவே நடந்துவந்து வாசலில் விட்டு, திரும்பும்வரை காத்திருக்கிற ஒருவர். அக்காவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் அதிகம் பேசாத நண்பனாகவும் இருக்கலாம்.

பையனுடைய மூளையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆபத்தைக் கண்டு மணியடிக்கும் அமிக்டலா முந்தி முதிர்ந்துவிடுகிறது. நிதானித்து அளந்து பார்க்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே விடலைப் பருவத்துப் பதற்றம் குணக்கேடு ஆகாது. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் வகுப்பில் ஏறத்தாழ மூவர். நாவலுக்குள் இந்த எண் வரவேண்டியதில்லை. தன் நாயகன் விதிவிலக்கானவன் என்று எழுதுகிறவர் நினைத்துவிடாமல் இருக்க இது உதவும். அதே வகுப்பில் இன்னும் இருவர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவன் எல்லோரையும் கிண்டல் செய்து தன் நடுக்கத்தை மறைக்கிறவனாகவும் இருக்கலாம்.

ஆண்பிள்ளையின் அச்சம் சினமாக உருமாறுவதும் இங்கேதான் எழுதப்பட வேண்டும். தங்கை கேட்ட சாதாரணக் கேள்விக்கு அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான். வீட்டில் அதைத் திமிர் என்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடையை எட்டினால் யூனியன் பிரதேசம், மலிவான மது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் மூவராக ஒரே வண்டியில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டு வருவது வீரமாகப் பேசப்படுகிறது. நம் பையன் போகமாட்டேன் என்கிறான். ஒழுக்கத்தால் அன்று, அல்பேட்டை சோதனைச்சாவடியில் காவலர் நிறுத்திப் பெயர் கேட்பாரே என்ற நினைப்பால். அவன் அச்சம் இங்கே அவனைக் காப்பாற்றுகிறது. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று வள்ளுவர் சொன்ன இடம் இது. நல்ல நாவல் இந்தச் சிக்கலை அவிழ்க்காமல் வைத்திருக்கும்: வகுப்பில் அவனை ஊமையாக்கும் அதே நடுக்கம் சாலையில் அவன் உயிரைக் காக்கிறது, எது எப்போது என்று பிரித்தறிய அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

எதற்கு அஞ்ச வேண்டும் என்ற கேள்வி கடலோரத்தில் இன்னும் கூர்மையாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம் அதில் மிகவும் அடிபட்ட ஊர்களில் ஒன்று. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015இல் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். இன்று பதினொன்றாம் வகுப்பில் இருப்பவன் சுனாமியைப் பார்த்தவனல்லன். பார்த்தவள் அவன் அம்மா. கடற்கரைக்குப் போனால் மணலின் பாதியிலேயே நின்றுகொண்டு “கிட்டப் போவாதடா” என்று அவள் சொல்லும் குரலில்தான் அது அவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னதும் ஊர் முழுவதும் மெழுகுவத்தி வாங்கி, தண்ணீர் பிடித்து, கைப்பேசிக்கு மின்னேற்றி வைக்கிறது. அந்த இரவில் மட்டும் எல்லோரும் அவனைப் போலவே தூங்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதத் தெரிந்தவர் கையில் அது நாவலின் நடுப்பகுதியைத் தாங்கும் அதிகாரமாகும்.

முடிவுப் பகுதியில்தான் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. ஒரு பெண் சிரித்துப் பேசியதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. அல்லது பேச்சுப் போட்டியில் கைத்தட்டல் கிடைத்து எல்லாம் சரியாகிவிடுகிறது. அல்லது ஆலோசகர் ஒருவர் வந்து இரண்டு அமர்வில் பூட்டைத் திறந்துவிடுகிறார். உதவி கிடைக்கிறது என்பது உண்மை, இன்றைய கதையில் அதை மறைக்கவும் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. ஆனால் உதவி என்பது அஞ்சும் பையனுக்கு இன்னொரு வாய்மொழித் தேர்வு. எண்ணை அழுத்துகிறான், மணி ஒலிக்கிறது, துண்டித்துவிடுகிறான். மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி அழுத்துகிறான். அங்கே பேசப்படுவதைவிட அந்த இரண்டாவது முறை அழுத்துவதற்கு அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும். இழந்த இடங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதும் அதே வேகத்தில் நடக்க வேண்டும்: முதலில் தேநீர்க் கடை முனை, பிறகு பாலம், பிறகு பேருந்து, வலி நின்றபின் அல்லாமல், வலியோடு.

தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே நாவல் முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. உறவினர் வீட்டில் அந்தக் கேள்வி நிற்கவில்லை, வாசகர் மனத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது. மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டால், அதுவரை முந்நூறு பக்கம் படித்ததெல்லாம் அந்த மூன்று இலக்கத்துக்கு முன்னுரையாகிவிடும். கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு அவன் கூட்டத்தோடு வெளியே வரும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அவன் 600க்கு 410 வாங்குவானோ 560 வாங்குவானோ, வயிறு முறுக்க முறுக்க ஆறு தாளையும் உட்கார்ந்து எழுதிய பையனின் கதை அதனால் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.